முட்டியை மடக்கு... இன்னும் கொஞ்சம் மடக்கு!

ஒலிம்பிக்ஸ் வந்தால் மட்டும் ஃபிகர் ஸ்கேட்டிங் பார்க்கிற கூட்டம் ஒன்று உண்டு. ஊர் உலகத்தில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கட்சிதான். நாலு வருஷத்துக்கு ஒரு தரம் டிவியில் போடுவார்கள். பளபளவென்று சட்டை போட்ட ஒருத்தர் பனித்தரை மேல் வழுக்கிக்கொண்டு வருவார், எகிறிக் குதிப்பார், காற்றில் பம்பரம் மாதிரி சுற்றுவார், இறங்குவார். பார்க்கிறவர்கள் "மூணு சுத்தா, நாலு சுத்தா?" என்று எண்ணுவார்கள். விழுந்தால் "ஐயோ பாவம்". அப்புறம் சேனல் மாறிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. ஆண்கள் ஃப்ரீ ஸ்கேட் என்பது சுமார் 4 நிமிடம். 2018-ல் வந்த விதிப்படி அதில் 7 இடங்களில் ஜம்ப் செய்யலாம். சில இடங்களில் இரண்டு மூன்று ஜம்ப்பைச் சேர்த்துச் செய்வார்கள் என்பதால் மொத்தம் பத்துப் பதினொன்று குதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குதிப்பிலும் காற்றில் இருக்கிற நேரம் முக்கால் நொடிக்கு உள்ளே. எல்லாவற்றையும் கூட்டினாலும் பத்து நொடி தேறாது! மிச்சம் இருக்கிற மூணே முக்கால் நிமிஷமும் ஆள் தரையில்தான் இருக்கிறார், பெரும்பாலும் ஒரே காலில். அந்த நேரத்தில் அவர் என்ன செய்கிறார், அதற்காகக் காலையில் எழுந்து என்ன பயிற்சி எடுக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. பயிற்சி அப்படி ஒன்றும் கண்ணுக்கு விருந்து இல்லை என்பது ஒரு காரணம். சங்கீதம் கற்றுக்கொள்கிற வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தவர்களுக்குத் தெரியும், கச்சேரி வேறு, சரளி வரிசை வேறு. இங்கேயும் அதே கதைதான்.

முதலில் பிளேடு. வெளியிலிருந்து பார்த்தால் கத்தி மாதிரி ஒரே கூர்முனை இருப்பதாகத் தோன்றும். அப்படி இல்லை. பிளேடின் அடிப்பக்கம் சுமார் 4 மில்லிமீட்டர் அகலம். அதன் நடுவில் நீளவாக்கில் ஒரு குழிவு ஓடுகிறது. அதனால் இரண்டு பக்கமும் இரண்டு விளிம்புகள்: உள் எட்ஜ், வெளி எட்ஜ். ஆள் உடம்பை உள்பக்கம் சாய்த்தால் உள் எட்ஜ் கடிக்கும், வெளிப்பக்கம் சாய்த்தால் வெளி எட்ஜ். போதாக்குறைக்கு பிளேடு நீளவாக்கிலும் லேசாக வளைந்திருக்கிறது, ஆடுகிற நாற்காலியின் கால் மாதிரி. ஆகவே ஒரு எட்ஜில் சாய்ந்து நின்றால் பனியில் விழுகிற தடம் நேர்கோடாக இருக்காது, வளைந்துதான் போகும். வளைவில் சைக்கிள் ஓட்டுகிறவர் ஹேண்டிலைத் திருப்புவதைவிட அதிகமாகச் சாய்கிறார் இல்லையா, அதே விஷயம். ஸ்கேட்டருக்கு ஹேண்டிலே கிடையாது, சாய்வு மட்டும்தான்.

சாய்வதற்குப் பயப்படுகிறவர்களால் ஸ்கேட்டிங் செய்ய முடியாது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கட்டைபோல் நிமிர்ந்து நின்று, இரண்டு எட்ஜிலும் சேர்த்து, நேராகப் போகப் பார்ப்பார்கள். முட்டி விறைப்பாக இருக்கும். ரிங்க்கின் ஓரத்தில் நிற்கிற பயிற்சியாளர் கத்துகிற முதல் வார்த்தை, எந்த நாடாக இருந்தாலும் சரி, "முட்டியை மடக்கு!". மடக்கினோம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சத்தம் வரும்: "இன்னும் மடக்கு!". உலக சாம்பியன் ஆன பிறகும் இந்த வசனம் ஓய்வதில்லை.

ஏன் முட்டி? சக்தி அங்கிருந்துதான் வருகிறது. பனியில் உராய்வு மிகக் குறைவு, காலால் பின்னால் உதைத்து ஓட முடியாது, வழுக்கிவிடும். பிளேடைப் பக்கவாட்டில் சாய்த்து, எட்ஜைப் பனியில் பதித்து, மடங்கிய முட்டியை நீட்டித் தள்ளவேண்டும். முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறதோ அவ்வளவு தூரம் தள்ளலாம். நிமிர்ந்து நிற்கிற கால் ஏற்கெனவே நீண்டுவிட்ட கால், அதில் தள்ளுவதற்கு மிச்சம் எதுவும் இல்லை. அரைமண்டியில் உட்காராமல் ஜதி தட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

இதைப் பழக்குகிற முதல் பயிற்சி ஸ்விஸில். இரண்டு குதிகாலையும் ஒட்டி வைத்து, முட்டியை மடக்கி, கால்களை இரண்டு பக்கமும் அகல விரித்து, மறுபடி பெருவிரல்களைச் சேர்க்கவேண்டும். காலைத் தூக்கவே கூடாது. பனியில் ஒரு எலுமிச்சம்பழ வடிவம் விழும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ரிங்க்கின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, அதாவது 60 மீட்டர், வெறும் ஸ்விஸிலில் போய்ப் பாருங்கள். தொடை நெருப்பாக எரியும். பின்பக்கமாகவும் அதே தூரம். மடக்கு, விரி, நிமிர், சேர். கால் தரையை விட்டு எழாததால் பேலன்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் முழு மூளையையும் முட்டியில் வைக்கலாம், அதற்காகத்தான் இதை முதலில் வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது ஸ்ட்ரோக்கிங். ஒரு காலால் தள்ளு, மறுகாலில் வழுக்கிப் போ. மாற்று. இவ்வளவுதான் சமாச்சாரம், வாழ்நாள் முழுக்க செய்வார்கள். பிளேடின் முன்முனையில் ரம்பப் பல் மாதிரி டோ பிக் இருக்கிறது. புதியவர்கள் அதை ஊன்றித் தள்ளுவார்கள், ஏனென்றால் நடக்கும்போது அப்படித்தானே செய்கிறோம். பயிற்சியாளர்களுக்கு இதைக் கண்டால் ஆகாது. டோ பிக்கில் தள்ளினால் பனி கீறுகிற கரகர சத்தம் கேட்கும், எட்ஜில் தள்ளினால் ஒரு மென்மையான சர்ர் மட்டும். நல்ல பயிற்சியாளர் முதுகைக் காட்டி நின்றாலும் யார் தப்பு செய்கிறார்கள் என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவார் :-)

இதில் ஒரு அருமையான பயிற்சி உண்டு. ரிங்க்கின் நீளத்தை எத்தனை தள்ளலில் கடக்கிறாய் என்று எண்ணச் சொல்வார்கள். முதல் நாள் இருபது வரும். பிறகு அதே வேகத்தில் பதினைந்தில் போ, பன்னிரண்டில் போ, எட்டில் போ. வேகம் குறையக்கூடாது, எண்ணிக்கை மட்டும் குறையவேண்டும். பையன்கள் முதலில் இன்னும் பலமாக உதைக்கப் பார்ப்பார்கள், வேலைக்கு ஆகாது. தள்ளி முடித்த பிறகு ஒற்றைக் காலில் அசையாமல் வழுக்குகிற நேரம்தான் நீளவேண்டும். அங்கே இடுப்பு கோணினாலோ, தோள் ஆடினாலோ, பார்வை தரைக்குப் போனாலோ வேகம் கசிந்துவிடும். ஆக "சக்தி", "பேலன்ஸ்" என்று இரண்டு தனி விஷயங்களைப் பழகுவதாக நினைத்துக்கொண்டு வருகிற பிள்ளைக்கு, இரண்டும் ஒன்றுதான் என்பது இந்த எண்ணிக்கையில்தான் உறைக்கும். பேலன்ஸ் இல்லாதவன் தள்ளின சக்தி ஓட்டைக் குடத்தில் ஊற்றின தண்ணீர்.

கிராஸ்ஓவர் என்பது வட்டத்தில் போகும்போது வெளிக்காலைத் தூக்கி உள்காலுக்கு முன்னால் போட்டு மாற்றி மாற்றிப் போவது. டிவியில் பார்த்திருப்பீர்கள், ஜம்ப்புக்கு முன்னால் வேகம் எடுக்க எல்லாரும் செய்வது இதுதான். இதில் இரண்டு தள்ளல் இருக்கிறது. வெளிக்கால் தள்ளுவது எல்லாருக்கும் வரும். உள்கால் பின்னால் குறுக்கே போகும்போது தன் வெளி எட்ஜால் ஒரு தள்ளு தள்ளவேண்டும், அதைத்தான் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். காலை சும்மா எடுத்து வைப்பார்கள். பாதி எஞ்சின் அணைந்த மாதிரி. இந்த இரண்டாவது தள்ளலுக்காகவே வட்டத்தில் நாள் கணக்காகச் சுற்றவைப்பார்கள், வலப்புறம் இவ்வளவு, இடப்புறம் இவ்வளவு என்று. பிடிக்காத பக்கம் என்று ஒன்று எல்லாருக்கும் இருக்கும், அந்தப் பக்கம் கூடுதலாக.

எல்லாவற்றிலும் சுவாரசியமானது பவர் புல். ஒற்றைக் காலில் போகவேண்டும், மறுகால் தரையைத் தொடவே கூடாது, ஆனால் வேகம் கூடவேண்டும்! எப்படி முடியும்? பாம்பு போகிற மாதிரி உள் எட்ஜ், வெளி எட்ஜ் என்று மாற்றிக்கொண்டே போவார்கள். எட்ஜ் மாறுகிற இடத்தில் முட்டி மடங்கும், வளைவில் போகும்போது பனியை அழுத்திக்கொண்டு எழும். ஊஞ்சலில் நிற்கிற பிள்ளை யாரும் தள்ளாமல் தானே உட்கார்ந்து எழுந்து உயரம் ஏற்றிக்கொள்கிறதல்லவா, கிட்டத்தட்ட அதே இயற்பியல். வளைவில் வெளியே இழுக்கிற விசைக்கு எதிராக உடம்பை நிமிர்த்தும்போது அந்த உழைப்பு வேகமாக மாறுகிறது. நேரம் கொஞ்சம் தப்பினால் ஒன்றும் நடக்காது, ஆள் அப்படியே நின்றுபோவார். ஒற்றைக் காலில் நின்று, சாய்ந்து, மடங்கி, எழுந்து, வேகமும் எடுக்கவேண்டும். கடன் வாங்காமல் கடையை நடத்துகிற மாதிரி :-)

இந்தப் பயிற்சிகளுக்கு ஒரு பூர்வ கதை இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் பெயர்க்காரணமே விளங்காது. ஃபிகர் ஸ்கேட்டிங் என்பதில் "ஃபிகர்" உருவத்தைக் குறிக்கிறது. எட்டு போன்ற உருவங்களைப் பனியில் பிளேடால் வரைவதுதான் அந்தக் காலத்தில் போட்டியின் பெரும்பகுதி. கட்டாய உருவங்கள். ஒரு காலுக்கு மூன்று தரம் அதே கோட்டின் மேல் அதே கோட்டை வரையவேண்டும். மூன்று கோடுகளும் ஒன்றாகத் தெரியவேண்டும். நடுவர்கள் இறங்கி வந்து குனிந்து, வட்டம் வட்டமாக இருக்கிறதா, எட்ஜ் சுத்தமாக மாறியிருக்கிறதா என்று தடத்தைப் பார்ப்பார்கள். பயிற்சிக்கு ரிங்க்கைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கொரு துண்டு கொடுப்பார்கள். பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது. பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் மணிக்கணக்கில் கோடு போடுவார்கள்.

இந்தக் கோடு போடுவதில் உலகத்திலேயே கெட்டிக்காரி ஆஸ்திரியாவின் ட்ரிக்ஸி ஷூபா. 1972 சப்போரோ ஒலிம்பிக்ஸில் பாதி மதிப்பெண் உருவங்களுக்குத்தான். அதில் அவர் எடுத்த முன்னிலை யாரும் எட்ட முடியாதது. பிறகு நடந்த ஃப்ரீ ஸ்கேட்டிங்கில் அவர் வந்த இடம் 7. ஆனாலும் தங்கம் அவருக்குத்தான். அதே ஃப்ரீ ஸ்கேட்டிங்கில் அரங்கத்தையே மயக்கிய அமெரிக்காவின் ஜேனட் லின்னுக்கு வெண்கலம். டிவியில் ஃப்ரீ ஸ்கேட்டிங்கை மட்டும் பார்த்த மக்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஏன் இந்த அம்மாவுக்குத் தங்கம் என்று கேட்டார்கள். 1973-ல் ஷார்ட் ப்ரோக்ராம் என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள், உருவங்களின் மதிப்பைக் குறைத்தார்கள். பிறகு வருஷத்துக்கு வருஷம் அது தேய்ந்துகொண்டே வந்தது.

இன்னொரு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஜப்பானின் மிடோரி இட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டியில் முதன்முதலில் ட்ரிபிள் ஆக்ஸல் செய்த பெண், 1989 உலக சாம்பியன். அவர் குதித்தால் ரிங்க்கின் சுவரைத் தாண்டிவிடுவாரோ என்று பயமாக இருக்கும், அப்படி ஒரு சக்தி. 1990 உலகப் போட்டியில் ஷார்ட் ப்ரோக்ராமிலும் ஃப்ரீ ஸ்கேட்டிங்கிலும் அவர்தான் முதலிடம். ஆனால் உருவங்களில் 10-வது இடம். தங்கம் அமெரிக்காவின் ஜில் ட்ரெனரிக்குப் போனது, இட்டோவுக்கு வெள்ளி. கனடாவின் ஹாலிஃபாக்ஸில் நடந்த அந்தப் போட்டிதான் கட்டாய உருவங்களுக்குக் கடைசி. 1988-லேயே சர்வதேச சங்கம் நீக்கிவிடுவதாக முடிவு எடுத்திருந்தது. யூகோஸ்லாவியாவின் ஸெல்கா சிஷ்மெஷியா என்ற பெண் கடைசிக் கோட்டைப் போட்டு முடித்தார், அத்தோடு சரி. ஒரு வருஷம் தள்ளிப் போட்டி நடந்திருந்தால் இட்டோ இரண்டு முறை உலக சாம்பியன். பாவம்தான்.

உருவங்கள் போனதும் என்ன ஆயிற்று? குழந்தைகள் கோடு போடுவதை விட்டுவிட்டுக் குதிக்கப் போய்விட்டார்கள். யார் போகமாட்டார்கள்? வெறும் ரிங்க் நேரத்துக்கே வீட்டில் காசு கொட்டவேண்டியிருக்கிறது, மதிப்பெண் இல்லாத ஒன்றுக்கு எந்த அப்பா அம்மா கட்டணம் கட்டுவார்கள்? கொஞ்ச நாளிலேயே பழைய பயிற்சியாளர்கள் எட்ஜ் செத்துப்போச்சு என்று புலம்ப ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் 1994-ல் இதற்கென்று தனித் தேர்வு முறையே கொண்டுவந்தார்கள். தேர்வு என்று ஒன்று வைத்தால்தான் பிள்ளைகள் படிக்கும் என்பது அங்கேயும் அப்படித்தான் போலிருக்கிறது. பவர் புல், திருப்பங்கள், வட்டங்கள் எல்லாம் அந்தத் தேர்வுகளில் உண்டு.

சிலர் தேர்வுக்காகக் காத்திருக்கவில்லை. டொராண்டோவில் ஆஸ்போர்ன் கால்சன் என்று ஒரு கிழவர், 1930-களில் கனடாவின் தேசிய சாம்பியனாக இருந்தவர். தன் முதுமையில் அவருக்கு ஒரு சின்னப் பையன் சிஷ்யனாகக் கிடைத்தான். ஜம்ப் இருக்கட்டும், முதலில் தள்ளு, எட்ஜில் நில், முட்டியை மடக்கு. இதுதான் பாடத்திட்டம். 2006-ல் கால்சன் இறந்துபோனார், வயது 90. பையனுக்கு அப்போது 15. அந்தப் பையன்தான் பேட்ரிக் சான். 2011, 2012, 2013 மூன்று வருஷமும் தொடர்ந்து உலக சாம்பியன். அவர் ஸ்கேட்டிங்கின் வீடியோ கிடைத்தால் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டு தள்ளல், ரிங்க்கின் மறுகோடியில் இருப்பார். எங்கே வேகம் எடுத்தார் என்றே தெரியாது.

சரி, அந்த சானை 2014 சோச்சியில் தோற்கடித்தவர் யுசுரு ஹன்யூ. ஜம்ப்தானே ஜெயித்தது என்று கேட்கலாம். கதை அவ்வளவு நேர்கோடாக இல்லை.

ஹன்யூவின் ஊர் செண்டாய். 2011 மார்ச் 11 அன்று பூகம்பம் வந்தபோது 16 வயசுப் பையனாக அங்கே ரிங்க்கில் பயிற்சியில் இருந்தார். காலில் ஸ்கேட்டோடு அப்படியே வெளியே ஓடினார். சில நாட்கள் குடும்பத்தோடு முகாமில் இருந்தார்கள். ரிங்க் மூடிவிட்டது. பனித்தரை கிடைக்கவேண்டுமே என்பதற்காக ஜப்பான் முழுக்க ஐஸ் ஷோ எங்கெங்கே நடக்கிறதோ அங்கெல்லாம் போய் ஆடினார். அடுத்த வருஷம், 2012 மார்ச்சில், பிரான்ஸின் நீஸ் நகரில் உலகப் போட்டி. அங்கே ஃப்ரீ ஸ்கேட்டில் அவர் ஒரு இடத்தில் விழுந்தார். ஜம்ப்பில் இல்லை! சும்மா போய்க்கொண்டிருக்கும்போது, தரையில், கால் இடறி விழுந்தார். எழுந்த சூட்டோடு ட்ரிபிள் ஆக்ஸலும் அதைத் தொடர்ந்து இன்னொரு ட்ரிபிளும் செய்தார், வெண்கலம் வாங்கினார். அரங்கம் எழுந்து நின்றது. அவருக்கு ஆஸ்துமா வேறு உண்டு, சிறு வயதிலிருந்தே. ஆட்டத்தின் கடைசியில் மூச்சுக்குத் தவிப்பது பார்த்தாலே தெரியும்.

அந்த வருஷமே வீட்டை விட்டு டொராண்டோ போனார். பூகம்பத்தில் அடிபட்ட ஊரை விட்டுப் போகிறோமே என்கிற மனபாரத்தோடு போன 17 வயசுப் பையனுக்கு, அங்கே ஒரு க்ளப்பில் பயிற்சியாளர் பிரையன் ஆர்சர். கூடவே ட்ரேசி வில்சன், 1988 ஒலிம்பிக்ஸில் ஐஸ் டான்ஸில் வெண்கலம் வாங்கியவர். அங்கே நடப்பது ஸ்ட்ரோக்கிங் வகுப்பு. உலக மெடல் வாங்கினவரா, உள்ளூர்ப் பிள்ளையா என்கிற பேதம் இல்லாமல் எல்லாரும் சேர்ந்து ஒரே கூட்டமாகத் தள்ளுவார்கள், வட்டம் போடுவார்கள், எட்ஜில் சாய்வார்கள். ட்ரிபிள் ஆக்ஸலும் நாலு சுற்று ஜம்ப்பும் கையில் வைத்திருக்கிறவனை மறுபடி ஒண்ணாம் வகுப்பில் உட்காரவைத்த மாதிரி. ஸ்பெயினின் ஹாவியர் ஃபெர்னாண்டஸும் அதே கூட்டத்தில். பின்னாளில் 2015-லும் 2016-லும் உலகப் பட்டத்தை அவர் தட்டிச் சென்றது கூடவே பயிற்சி எடுத்த ஹன்யூவிடமிருந்துதான். ஒரே வகுப்பில் முதல் ரேங்க்கும் இரண்டாவது ரேங்க்கும்.

அந்த வகுப்பின் பலன் எங்கே தெரிந்தது என்றால், 2018 ப்யோங்சாங்கில். 2017 நவம்பரில் ஜப்பானில் ஒரு போட்டிக்கு முந்தின பயிற்சியில் நாலு சுற்று லூட்ஸ் முயற்சி செய்து வலது கணுக்காலைப் பெயர்த்துக்கொண்டார். வலது கால்தான் இறங்குகிற கால். இரண்டு மாதம் போல பனியிலேயே இறங்கவில்லை. நேராக ஒலிம்பிக்ஸ். ஃப்ரீ ஸ்கேட்டின் கடைசி ஜம்ப் ட்ரிபிள் லூட்ஸ், இறங்கும்போது உடம்பு முன்னால் சாய்ந்து போயே போச்சு என்று தோன்றியது. அந்தக் கணுக்காலில், அந்தக் களைப்பில், எட்ஜைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். விழவில்லை. மொத்தம் 317.85, இரண்டாவது தங்கம். அந்த ஒரு நொடி, பேலன்ஸ் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்குப் போட்டுக் காட்டவேண்டிய நொடி. அசையாமல் நிற்பதற்குப் பேர் பேலன்ஸ் இல்லை. கவிழ்ந்துகொண்டிருக்கும்போதே திரும்பி வருகிற வித்தை அது.

இப்போது கொஞ்சம் விலைப்பட்டியல் பார்க்கலாம், காமர்ஸ்காரர்களுக்குப் பிடிக்கும். 2018-க்குப் பிறகான அட்டவணையில் நாலு சுற்று லூட்ஸின் அடிப்படை மதிப்பு 11.5. மூன்று சுற்று லூட்ஸ் 5.9. ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆகவே எல்லாரும் நாலு சுற்றுக்கு ஓடுவது ஆச்சரியம் இல்லை. ஆனால் தரத்துக்கு மைனஸ் 5-லிருந்து பிளஸ் 5 வரை போடுவார்கள், ஒவ்வொரு படிக்கும் அடிப்படை மதிப்பில் 10 சதவீதம். நாலு சுற்று முழுசாகச் சுற்றி, விழுந்தால்? 5.75 போகும், விழுந்ததற்குத் தனியாக 1 போகும், கையில் நிற்பது 4.75. மூன்று சுற்றை அழகாகச் செய்து பிளஸ் 3 வாங்கினால் 7.67. விழுகிற நாலைவிட நிற்கிற மூன்று லாபம். நிற்கவைப்பது எது? உள்ளே வருகிற வேகமும் வெளியே போகிற எட்ஜும். அதோடு ஸ்கேட்டிங் திறமைக்கென்றே பத்துக்கு ஒரு மதிப்பெண் தனியாக இருக்கிறது. 2022-ல் மாற்றிய முறைப்படி ஆண்கள் ஃப்ரீ ஸ்கேட்டில் அதை 3.33-ஆல் பெருக்குவார்கள். 7 வாங்குகிறவருக்கும் 9.5 வாங்குகிறவருக்கும் வித்தியாசம் எட்டுக்கு மேல். ஒரு ட்ரிபிள் ஆக்ஸலின் அடிப்படை மதிப்பு 8 என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்விஸிலில் தொடை எரிந்ததற்கு ரசீது இதுதான்!

காசுக் கணக்கை விட்டுவிட்டாலும் உடம்புக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஜம்ப்பிலிருந்து இறங்கும்போது உடம்பின் எடையைப் போலப் பல மடங்கு பாரம் ஒற்றைக் காலில் விழுகிறது. பூட்ஸ் வேறு கணுக்காலை இறுக்கிப் பிடித்திருப்பதால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள முட்டியும் இடுப்பும்தான். மடங்கத் தெரியாத முட்டி அதை அப்படியே முதுகுக்கு அனுப்பிவிடும். ஒரே ஜம்ப்பை ஒரே நாளில் முப்பது நாற்பது தரம் செய்கிற பன்னிரண்டு வயசுப் பிள்ளையின் இடுப்பெலும்பையும் கீழ் முதுகையும் நினைத்துப் பாருங்கள். அந்த வயதில் உடம்பும் சும்மா இருப்பதில்லை. ஒரே வருஷத்தில் கால் நீளும், இடுப்பு மாறும், நேற்று வரைக்கும் தானாக வந்த ஜம்ப் இன்றைக்கு வராது. நிறையப் பிள்ளைகள் அங்கேதான் அழுதுகொண்டே விட்டுவிடுகிறார்கள். அந்தச் சமயத்தில் நல்ல பயிற்சியாளர்கள் ஜம்ப்பைக் குறைத்துவிட்டு எட்ஜுக்குத் திரும்பிப் போகச் சொல்கிறார்கள். புது உடம்பின் நடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேறு வழி இல்லை. அவசரப்படுகிற பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள், அடுத்த வருஷத்து மெடல் அவர்களுக்கு முக்கியம். பிள்ளையின் முப்பது வயசு முதுகுவலிக்கு அவர்கள் பொறுப்பில்லை பாருங்கள்.

பனிக்கு வெளியிலும் வேலை நிறைய. கயிறு தாண்டுவது, ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது, தரையில் நின்றபடி குதித்துச் சுற்றிப் பழகுவது, வளைந்த சின்னப் பலகை மேல் ஒற்றைக் காலில் நின்று சுழல்வது. ஐஸ் நேரம் விலை அதிகம், சமையலறைத் தரை இலவசம். இதில் ஒன்றை மட்டும் பனியே பார்க்காதவர்களும் செய்து பார்க்கலாம். ஜம்ப்பிலிருந்து இறங்கி நிற்கிற நிலை. வலது காலில் நின்று முட்டியை மடக்குங்கள், இடது காலைப் பின்னால் நீட்டி லேசாக வெளிப்பக்கம் கொண்டுபோங்கள், கைகளை விரியுங்கள், நெஞ்சு நிமிர்ந்து பார்வை நேராக. பத்து வரை எண்ணவேண்டும். அவ்வளவுதானா என்று தோன்றினால் கண்ணை மூடிக்கொண்டு அதையே செய்யுங்கள். கணுக்கால் வெடவெடவென்று ஆட ஆரம்பிக்கும். மூன்று எண்ணுவதற்குள் மறுகால் தரைக்கு வந்துவிடும். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு சுவரும், பார்த்துச் சிரிக்காத ஒரு தம்பி தங்கையும் இருந்தால் நல்லது :-)